இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக் காவலாளி

சொல்லுக்குச் சுவை கூட்டி, சபைக்குப் பொலிவு கூட்டி, தலைமை நாற்காலியில் தகுதியோடு வீற்றிருக்கும் நூலகத் தலைவர் ஐயா அவர்களே! எழுதி எழுதியே இந்த அரங்கத்தின் உறக்கத்தையெல்லாம் களவாடிய எழுத்தாளர் பெருந்தகை அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருக்கும் எங்கள் பதிப்பக மேலாளர் ஐயா அவர்களே! படித்துப் படித்துப் பழுத்த பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையை மடியில் கட்டிக்கொண்டே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் ஜன்னலோரம் நிற்கும் தம்பிகளே, தங்கைகளே! கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், உட்காரவும் மனமில்லாமல் எழவும் மனமில்லாமல் இருக்கிற என் அன்புத் தங்கையே! அனைவருக்கும் என் நடுங்கும் வணக்கம்.

நடுங்கும் என்றது அலங்காரத்துக்குச் சொன்ன சொல் அல்ல. அங்கே யாரோ "தண்ணி குடிங்கம்மா" என்கிறீர்கள். குடித்தேன் தம்பி. மூன்று டம்ளர் குடித்தேன். தொண்டைதான் நனைகிறது, நாக்கு நனைய மாட்டேன் என்கிறது.

நான் யார்? மேடை ஏறி எனக்குப் பழக்கமில்லை. பதிப்பகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக மெய்ப்புப் பார்க்கிறவள். அச்சுக்குப் போகும் முன்னால் தாளில் பிழை தேடிப் பிடிக்கிறவள். அலுவலகத்தில் என் சொந்தப் பெயரே பலருக்கு மறந்துபோய்விட்டது. கழுகுக்கண் என்றால்தான் தெரியும். "கழுகுக்கண் பாத்தாச்சா?" என்பார்கள். பார்த்தாச்சு என்றால் அதற்குமேல் மறுபேச்சு கிடையாது.

அந்தக் கழுகுக்கண் இன்று ஓர் உண்மையைச் சொல்ல வந்திருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பயத்தில் விழுங்கிவிடுவேன். சொன்னால் என் வேலை போகலாம். சொல்லாவிட்டால் கடைசி வரிசையில் இருக்கிறாளே, எங்கள் அலுவலகக் கணினியில் புத்தகப் பக்கங்களை வடிவமைக்கிற அந்தத் தங்கை, அவள் வேலை இன்றோடு போகிறது. இதற்குத்தான் வந்தேன். புத்தகத்தைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசச் சொல்லித்தான் மேலாளர் ஐயா என்னை அனுப்பினார். அதையும் பேசுகிறேன் ஐயா, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

இதோ ஒரு மணி நேரமாக இந்த அரங்கம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. எதனால்? 'அணைக்கட்டில் அரை நிமிடம்' என்ற ஒரே ஒரு நாவலால்! வலப்பக்கம் பேசினார் பாலம் கட்டும் பொறியாளர். "ஒரு துப்பட்டாவை வச்சு அணையோட மதகக் கட்ட முடியும்னா நான் எதுக்கு அஞ்சு வருஷம் படிச்சேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. செவிலியர் ஒருவர் எழுந்தார். "கதாநாயகன் உடம்புல பதினோரு குண்டு பாஞ்சிருக்கு, அதோட மூணு மாடி ஏறி ஓடுறான். எங்க வார்டுல ஒரு ஊசி போட்டா ஆம்பளைங்க அரை நாள் எழுந்திருக்க மாட்டாங்க" என்றார். கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. தட்டியவர்களில் பாதிப்பேர் அந்த ஆண்களின் மனைவிமார்கள் என்பதையும் பார்த்தேன்.

இடப்பக்கம் என்ன சொன்னது? பேருந்து நடத்துநர் ஒருவர், புத்தகத்தில் மூழ்கி, நிறுத்தத்தில் விசில் கொடுக்க மறந்து, பயணிகள் அனைவரையும் பணிமனைக்கே கொண்டுபோய் இறக்கிய கதையைச் சொன்னார். ஒரு தாயார், பால் பொங்கி அடுப்பு அணைந்து வீடு முழுக்க வாடை வந்த பிறகும் அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன் என்றார். "நடக்குமா நடக்காதான்னு கேக்கறதுக்கு நேரமே குடுக்கலையே அந்த மனுஷன்!" என்றார். இதுவும் நியாயம்தானே? நியாயம்தான்!

ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்து முட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. காவலாளி! ஆம், அணைக்கட்டின் கிழட்டுக் காவலாளி. ஒன்பதாம் அத்தியாயத்தில் சுடப்படுகிறான். கதாநாயகன் மடியில் உயிரை விடுகிறான். ஆறடிக் குழிக்குள் வைத்து, மண்ணும் தள்ளி, கதாநாயகன் ஒரு பக்கம் முழுக்க அழுகிறான். போனவன் போனான். ஆனால் இருபத்தோராம் அத்தியாயம், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். கொட்டும் மழை. பின்னால் வேட்டை நாய்கள். கதாநாயகன் இரும்புக் கதவை இடிக்கிறான், இடிக்கிறான், இடிக்கிறான். கதவு திறக்கிறது. "வாங்க தம்பி, உங்களைத்தான் எதிர்பார்த்தேன்" என்கிறான் ஒருவன். யார்? அதே காவலாளி!

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்திருப்பேன், வேறொருத்தி பார்த்த புத்தகமாக இருந்திருந்தால்.

பத்திரிகை ஒன்று 'பிணம் கதவு திறந்தது' என்று தலைப்புப் போட்டது. எங்கள் அலுவலகத்துக்குக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. ஒரு வாசகர் அது இரட்டைச் சகோதரன் என்று பதினான்கு பக்கத்துக்கு நிரூபித்திருந்தார். காவலாளி சாகவே இல்லை, மண்ணுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான், மேதைமையான திருப்பம் என்று ஒருவர் பாராட்டினார். இது வாசகனை முட்டாளாக்கும் வேலை, இனி உங்கள் புத்தகத்தைத் தொட மாட்டேன் என்று ஒருவர் கிழித்து அனுப்பினார். நிஜமாகவே கிழித்து, உறையில் போட்டு அனுப்பினார். இன்று மாலையும் நீங்கள் இதற்காகத்தான் தொண்டை வறளக் கத்தினீர்கள். மேதைமையா? மடமையா? திருப்பமா? தவறா?

தவறு, ஐயா. தவறுதான். யாருடைய தவறு என்பதைச் சொல்லத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே யாருக்கும் தெரியாது. நான் எந்தப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து படிக்க மாட்டேன். கடைசிப் பக்கத்தை முதலில் எடுப்பேன், பிறகு அதற்கு முந்தைய பக்கம், அதற்கும் முந்தைய பக்கம். இப்படியே பின்னோக்கி நடந்து முதல் பக்கத்துக்குப் போய்ச் சேருவேன். ஏன்? முன்னோக்கிப் படித்தால் கதை நம்மைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவிடும். ஓடுகிறவள் கண்ணில் பிழை படுமா? பின்னோக்கிப் போனால் கதையே இருக்காது. தாள் இருக்கும், எழுத்து இருக்கும், ஆட்கள் இருப்பார்கள். கடைசியில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று முதலில் குறித்துக்கொள்வேன். பின்னே வரவர அவர்களில் எவனாவது செத்துக் கிடந்தால் உடனே மண்டையில் மணி அடிக்கும். நம் எழுத்தாளர் ஐயா ஆளைக் கொல்வதில் வேகமானவர், கொன்றதை நினைவில் வைப்பதில் அப்படியல்ல. கோபிக்காதீர்கள் ஐயா. இருபது நாவல்களில் ஒன்பது பேரை நான் இரண்டாம் தடவை சாகாமல் காப்பாற்றியிருக்கிறேன்.

இருபத்தாறு ஆண்டுகள், ஒரு புத்தகத்தின் கதையும் எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி "அந்த நாவல் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நாற்பத்தாறு பிழை இருந்துச்சு" என்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த இலக்கியம்.

இந்தப் புத்தகம் மேசைக்கு வந்த அன்று என்ன நடந்தது? வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். துப்பட்டாவால் மதகைக் கட்டி வெள்ளத்தை நிறுத்துகிறான் ஒருவன். அட, இது என்ன கூத்து என்று முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். அவன் ஒற்றைக் கையால் ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு, மறு கையால் வரைபடம் பார்க்கிறான். அதற்கும் முந்தைய பக்கம். அவனே ஓர் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறான்! பெட்டிக்குள் கிடந்தவன் ஹெலிகாப்டருக்கு எப்படிப் போனான்? தாள் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று பக்க எண்ணைப் பார்த்தேன். விடவில்லை. பெட்டிக்குள் எப்படி வந்தான்? யார் பூட்டியது? ஏன் பூட்டினார்கள்? அவையோரே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த இடத்தில் நான் என் இருபத்தாறு ஆண்டு வழக்கத்தை உடைத்தேன். தாள்கட்டை அப்படியே திருப்பி வைத்தேன். முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

மதியச் சாப்பாடு பையிலேயே ஆறிப்போனது. யாரோ வந்து ஏதோ கேட்டார்கள், ஏதோ சொன்னேன். அடிப்பக்கத்தில் சரி என்று ஒரு டிக், என் முதலெழுத்து, அடுத்த தாள். கை தன் பாட்டுக்கு டிக் போட்டுக்கொண்டே போனது, கண் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே போனது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்தபோது மழை கொட்டுகிறது, நாய்கள் குரைக்கின்றன, கதவு திறக்கவில்லை. கதவு திறந்ததும் வாய்விட்டு "அப்பாடா" என்றேன். யார் திறந்தால் எனக்கென்ன, கதவு திறந்ததே! அந்த "அப்பாடா"வுக்குப் பக்கத்தில் போட்ட டிக்தான் இன்று இந்த அரங்கத்தை இரண்டாகப் பிளந்த டிக்.

மறுநாள் காலை தங்கை வந்து நின்றாள். "அக்கா, அச்சகத்துல கேக்கறாங்க, முடிச்சிட்டீங்களா?" என்றாள். முறைப்படி இன்னொரு தடவை பின்னோக்கிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு நாள் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். "முடிச்சிட்டேம்மா, எடுத்துக்கோ" என்றேன். என் முதல் பொய் அது.

புத்தகம் வந்தது, கடிதங்கள் வந்தன, பத்திரிகைக்காரன் வந்தான். மேலாளர் ஐயா எங்கள் எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டார். எழுத்தாளர் ஐயாவிடம் தொலைபேசியில் கேட்டார். அவர், "நானா? செத்தவன நான் எழுப்புவேனா? அதுவும் கழுகுக்கண் பாத்து அனுப்பின பக்கமாச்சே!" என்றார். எழுதி அனுப்பியதும் தன்னிடம் இருப்பதை அழித்துவிடுவது அவர் வழக்கம், ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. மேலாளர் ஐயா என்ன சொன்னார்? "அவங்க கண்ண ஒரு எறும்பு கூடத் தாண்டாது. அவங்களுக்கு அப்புறம்தான் யாரோ கை வச்சிருக்காங்க." எனக்கு அப்புறம் யார்? திருத்தங்களைக் கணினியில் ஏற்றுகிற தங்கை. பழைய பக்கம் எதையோ தவறி ஒட்டிவிட்டாள் என்று முடிவாயிற்று. மூன்றாம் பதிப்பில் 'பக்க வடிவமைப்பில் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம்' என்று ஒரு குறிப்பு. அவளுக்கு இன்றோடு கணக்குத் தீர்கிறது.

நான் என்ன செய்தேன்? அந்த அறையில் நின்றேன். ஜன்னலைப் பார்த்தேன். வாயில் ஈ போனால்கூடத் தெரியாத மாதிரி நின்றேன்.

அன்று மாலை அவள் என் மேசைக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகக் கேட்டாள். "அக்கா, அந்த வரிய நான் முன்னாடியே பாத்த மாதிரி மங்கலா ஞாபகம் இருக்கு. காவல்காரர் செத்துட்டாரேன்னு தோணின மாதிரிகூட இருக்கு. ஆனா அந்தப் பக்கத்துல நீங்க டிக் போட்டிருந்தீங்க. நீங்க போட்டா அங்க தப்பு இருந்திருக்காது. அப்ப நான்தான் ஏதோ பண்ணித் தொலைச்சிருக்கேன், இல்லக்கா?"

என்னைப் பார்த்து "இல்லக்கா?" என்று கேட்டாள், அவையோரே! "பாக்கலாம்மா" என்றேன். பாக்கலாமாம்! பிழை பார்த்தே வயிறு வளர்த்தவள் சொன்ன பதில் அது.

தங்கை வேலை முடித்துத் திருப்பித் தந்த அந்தத் தாள்கட்டு என் அலமாரியில்தான் இருந்தது. யாராவது கேட்டு எடுத்துப் பார்த்தால் ஒரே நொடியில் உண்மை தெரிந்துவிடும். யாரும் கேட்கவில்லை. கழுகுக்கண்ணிடம் போய்க் காட்டு என்று யார் கேட்பார்கள்? ஆனாலும் பயம். தாள்கட்டைப் பைக்குள் திணித்து வீட்டுக்குக் கொண்டுபோய், பீரோவில் பழைய போர்வைகளுக்கு நடுவில் ஒளித்தேன். பேருந்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். வீட்டு அழைப்புமணி அடித்தால் திடுக்கிட்டேன். என் கணவர் தையற்காரர், அளந்து பேசுகிற மனிதர். மூன்று வாரம் பார்த்தார். பிறகு ஒருநாள் காலையில், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "நீயும் தூங்கறதில்ல, என்னையும் தூங்க விடறதில்ல. போர்வைக்குள்ள இருக்கறத ஒண்ணு பழைய பேப்பர்காரனுக்குப் போடு, இல்ல யார்கிட்டக் குடுக்கணுமோ குடு. ரெண்டுக்கும் நடுவுல என்னைப் போட்டுத் தைக்காத."

பழைய பேப்பர்காரன் எங்கள் தெருவுக்கு வாரம் இரண்டு தடவை வருவான். ஒவ்வொரு தடவையும் அவன் குரல் கேட்டு பீரோ வரைக்கும் போயிருக்கிறேன். கதவில் கை வைத்திருக்கிறேன். இதையும் சொல்லிவிடுகிறேன், நல்லவள் என்று என்னை யாரும் நினைத்துவிடக் கூடாது.

தலைவர் ஐயா, இதோ அந்தத் தாள். பிடியுங்கள். நன்றாக விளக்கடியில் காட்டிப் பாருங்கள். இருநூற்றுப் பன்னிரண்டு. கதவைத் திறக்கிறவன் காவலாளி. திருத்தம் ஏதுமில்லை. கீழே டிக். பக்கத்தில் என் முதலெழுத்து. தேதி. தங்கை திருத்தம் ஏற்றும் முன்னாலேயே செத்தவன் எழுந்து நின்றிருக்கிறான்! எழுத்தாளர் ஐயாவும் எட்டிப் பார்க்கிறார். பாருங்கள் ஐயா, உங்கள் சொத்துதானே. என்ன சொல்கிறீர்கள்? ஒலிவாங்கியில் சொல்லுங்கள் ஐயா, அவைக்குக் கேட்கட்டும். "என் வாக்கியந்தாம்மா இது. நான்தான் எழுதியிருக்கேன்" என்கிறார். நன்றி ஐயா. பயம் உங்களுக்கும் இருந்திருக்கும்.

அங்கே என்ன சலசலப்பு? "அப்ப தீர்ப்பு என்னம்மா? எந்தக் கட்சி நீங்க?" என்கிறார் நடத்துநர். சொல்கிறேன். பொறியாளர் ஐயா, துப்பட்டாவால் மதகைக் கட்ட முடியாது, நீங்கள் வென்றீர்கள். நடத்துநர் ஐயா, பின்னோக்கியே நடந்து பழகியவளை முன்னோக்கி ஓட வைத்தானே அந்த எழுத்துக்காரன், நீங்களும் வென்றீர்கள். நம்ப முடியாத கதை என்று இந்தப் புத்தகத்தைச் சொன்னீர்கள். ஆனால் இதைவிட நம்ப முடியாத கதை ஒன்று எங்கள் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. கழுகுக்கண் தவறே செய்யாது என்ற கதை! அதை எத்தனை பேர் கேள்வி கேட்டார்கள்? அதற்கு எத்தனை பேர் பதினான்கு பக்கத்தில் கடிதம் எழுதினார்கள்? அதை எவர் கிழித்து உறையில் போட்டு அனுப்பினார்? எழுதியவர் நம்பினார். விற்றவர் நம்பினார். வேலை இழக்கப்போகிறவளே நம்பினாள்! ஹெலிகாப்டரைச் சந்தேகப்பட்டீர்கள், துப்பட்டாவைச் சந்தேகப்பட்டீர்கள், என்னை மட்டும் ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லையே!

கதைக்குள் செத்தவன் எழுந்து வரட்டும், எவனுக்கு என்ன நட்டம்? பொய் என்று தெரிந்தே கேட்கிறோம், சிரிக்கிறோம், விளக்கை அணைக்கிறோம். கதைக்கு வெளியே நான் வாயை மூடிக்கொண்டு சொன்ன பொய்யோ, உயிரோடு இருக்கிற ஒருத்தியின் நாற்காலியைப் பிடுங்கியது. அவள் வேலையைப் பிடுங்கியதுகூடப் பெரிதில்லை. அவள் கண்ணால் கண்டதை அவளே நம்பக் கூடாது என்று ஆக்கியதே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மேலாளர் ஐயா கையைக் காட்டுகிறார். "அப்புறம் பேசிக்கலாம், எறங்குங்க" என்கிறார். அப்புறம் வேண்டாம் ஐயா. அந்த "அப்புறம்" என்ற வார்த்தையில்தான் நான் மூன்று வாரம் ஒளிந்துகொண்டிருந்தேன். இத்தனை பேர் முன்னால் இரண்டே வார்த்தை சொல்லுங்கள். நாளைக் காலை அவள் வேலைக்கு வரலாமா, கூடாதா? அவை காத்திருக்கிறது ஐயா.

எழுந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றுகிறார். "வரட்டும்" என்கிறார். "வரட்டும், அந்தக் குறிப்பும் வேண்டாம்" என்கிறார்! தட்டுங்கள், தாய்மார்களே, எனக்காக அல்ல, அவளுக்காக நன்றாகத் தட்டுங்கள்!

இருங்கள், இருங்கள். கைத்தட்டலுக்கு நடுவில் கடைசி வரிசையிலிருந்து ஏதோ கேட்கிறாள். கேட்கவில்லை தங்கச்சி, சத்தமாகச் சொல். "அப்ப நீங்க வருவீங்களாக்கா?" என்கிறாள்.

மேலாளர் ஐயாவைப் பார்க்கிறேன். அவர் தரையைப் பார்க்கிறார்.

தெரியாதும்மா. உண்மையாகவே எனக்குத் தெரியாது. ஆனால் நாளைக்கு என் நாற்காலியில் யார் இருந்தாலும், எந்தக் கண் பார்த்து எத்தனை டிக் போட்டு அனுப்பியிருந்தாலும், செத்தவன் எழுந்து வருவது உனக்குத் தெரிந்தால், தாளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சத்தமாகக் கேள். நான் இருந்தால் என்னிடமே கேள். நான் முறைத்தாலும் கேள்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், தண்ணீர் குடிக்கச் சொன்ன தம்பிக்கும், பிளந்து நின்று வாதாடிய இரு கட்சிக்கும் என் நன்றி. எல்லோருக்குமான வணக்கத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். இப்போது மிச்சம் இருக்கிற ஒரு வணக்கம், உனக்கு, தங்கச்சி. நீ பார்த்தது சரிதான்.